ஃபேக்டரி நர்ஸ் வேலைக்கு முறையான படிப்பு எந்த நாட்டில் எப்படி இருக்கிறது? ஓசூரிலிருந்து ஒரு கேள்வி

காவேரிப்பட்டணம் செவிலி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டு வருடம் ஒரு தனியார் மருத்துவமனை வார்டில் இருந்தேன். இப்போது நான்கு வருடமாக ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஓ.ஹெச்.சி., அதாவது ஃபேக்டரிக்குள்ளேயே இருக்கிற சுகாதார மையத்தில் நர்ஸ். டாக்டர் வாரத்துக்கு மூன்று நாள் வருவார், மற்ற நேரமெல்லாம் நான்தான். கையில் வெட்டு, கண்ணில் இரும்புத்தூள், நைட் ஷிஃப்டில் நெஞ்செரிச்சல், வெயில் காலத்தில் ஃபர்னஸ் பக்கம் மயக்கம், இப்படித்தான் நாள் போகும். வீட்டில் இதை 'மாத்திரை கொடுக்கிற வேலை' என்கிறார்கள். முதல் ஒரு வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு விஷயம் கவனித்தேன். பிரஸ் ஷாப்பிலிருந்து வருகிறவர்களிடம் நான் சாதாரணமாகப் பேசினால் 'என்ன சிஸ்டர்?' என்று காதைக் கிட்டே கொண்டு வருவார்கள். ஒருவர் இருவர் என்றால் விட்டிருப்பேன். ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன், யார், எந்த லைன், எத்தனை வருட சர்வீஸ், இயர் பிளக் போடுகிறாரா, வீட்டில் டிவி சத்தம் பற்றிச் சண்டை வருகிறதா என்று எல்லாம். பத்து வருடத்துக்கு மேல் அதே லைனில் நிற்பவர்கள்தான் பெரும்பாலும். வருடத்துக்கு ஒருமுறை வேனில் வந்து ஆடியோமெட்ரி, அதாவது காது கேட்கும் திறன் பரிசோதனை, எடுக்கிறார்கள், ஆனால் ஓடுகிற மெஷினிலிருந்து நேராக ஆளைக் கூப்பிட்டு எடுக்கிறார்கள். அது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. வார்டில் நான் படித்தது எதுவும் இதற்கு உதவவில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது.

இந்த வேலைக்கென்றே வெளிநாட்டில் தனிப் படிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெங்களூரில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தால், ஆறு மாதம் ஆன்லைனில் 'இன்டர்நேஷனல் டிப்ளமா', 1,80,000 ரூபாய், முடித்தால் நேராக இங்கிலாந்தில் ஆக்குபேஷனல் ஹெல்த் நர்ஸ் வேலை என்கிறார்கள். முன்பணம் கட்ட இந்த மாதக் கடைசிவரை டைம். நகையை வைத்தால் கட்டிவிடலாம். கட்டலாமா? எந்தெந்த நாட்டில் இதை எப்படிப் படிக்கிறார்கள்? நம் ஊரிலேயே ஏதாவது உண்டா?

பாலக்கோடு டூ லீட்ஸ்:

தங்கச்சி, முதலில் நகையை பீரோவிலேயே வை. அந்தப் பணத்தைக் கட்டாதே.

நான் பாலக்கோட்டுக்காரி, இங்கிலாந்தில் இதே வேலைதான் பார்க்கிறேன், அதனால் படிப்படியாகச் சொல்கிறேன். இங்கே செவிலியர்களுக்கான கவுன்சில், என்.எம்.சி., வைத்திருக்கும் பதிவேட்டில் நமக்கு வேண்டிய பகுதிகள் மூன்று. ஒன்று செவிலியர், இன்னொன்று மருத்துவச்சி, மூன்றாவது 2004-இல் தொடங்கிய 'ஸ்பெஷலிஸ்ட் கம்யூனிட்டி பப்ளிக் ஹெல்த் நர்ஸ்'. வீடு வீடாகக் குழந்தைகளைப் பார்க்கப் போகிற ஹெல்த் விசிட்டர், பள்ளிக்கூட நர்ஸ், நம்மைப்போல் வேலையிடத்து நர்ஸ், எல்லோரும் அந்த மூன்றாம் பகுதியில்தான் வருவார்கள். அதில் ஏற வேண்டுமென்றால் முதலில் முதல் பகுதியிலோ இரண்டாம் பகுதியிலோ பதிவு இருக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது. நீ ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதி, கம்ப்யூட்டர் தேர்வு எழுதி, இங்கே வந்து ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு முடித்துச் சாதாரண நர்ஸாகப் பதிவான பிறகுதான் மற்ற எல்லாப் பேச்சும். பெங்களூர் டிப்ளமா இந்த வரிசையில் எந்த இடத்திலும் உட்காராது.

அதற்கு மேல் அந்த ஸ்பெஷலிஸ்ட் படிப்பு பல்கலைக்கழகத்தில், முழுநேரமாக ஒரு வருடம், பகுதிநேரம் என்றால் இரண்டு வருடம். பாதி வகுப்பு, பாதி களம். களத்தில் உன்னைக் கூடவே கவனித்து மதிப்பிட ஆள் இருப்பார். நான் வந்து நான்கு வருடம் வார்டில் வேலை பார்த்து, அப்புறம் ஒரு கம்பெனியின் ஹெல்த் யூனிட்டில் சாதாரண நர்ஸாகச் சேர்ந்து, அவர்கள் ஃபீஸ் கட்ட ஒப்புக்கொண்ட பிறகுதான் படித்தேன். இந்தப் படிப்பு இல்லாமலும் இங்கே ஓ.ஹெச். நர்ஸாக வேலை பார்க்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பெரிய பொறுப்புக்கு விண்ணப்பித்தால் அந்தப் பதிவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

என்ன படித்தேன் என்று கேட்டால், முதல் மாதமே என்னை அசைத்த பாடம் ஒன்று உண்டு. ஒரு தொழிலாளியை மேனேஜர் நம்மிடம் அனுப்புகிறார். முதுகுவலி, அடிக்கடி லீவு. நாம் அவரிடம் பேசி, பார்த்து, மேனேஜருக்கு அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையில் என்ன நோய் என்று அவர் சம்மதமில்லாமல் எழுதக்கூடாது. '10 கிலோவுக்கு மேல் தூக்க வைக்காதீர்கள், ஆறு வாரம் இப்படி மாற்றிக் கொடுங்கள், பிறகு மறுபடி பார்க்கிறேன்', அவ்வளவுதான் எழுதலாம். ஊரில் நான் இருந்த இடத்தில் ஹெச்.ஆர். வந்து கேட்டால் ஃபைலையே எடுத்துக் கொடுத்துவிடுவோம். அது ஒருவருடைய வேலையையே பறிக்கும் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. இன்றுவரை அந்த முகங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன.

ரிட்டயர்டு சேஃப்டி ஆபீசர்:

அம்மா, நம் ஊர்ச் சட்டத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், முப்பது வருடம் அதோடுதான் இருந்தேன்.

1948 தொழிற்சாலைகள் சட்டம் 45-ஆம் பிரிவு, 500 பேருக்கு மேல் வேலை பார்க்கிற ஃபேக்டரியில் ஆம்புலன்ஸ் ரூம் இருக்க வேண்டும் என்றது. 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. 2020-இல் வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த 500 தொடர்கிறது. இந்தச் சட்டத்தால்தான் உங்களுக்கு அந்த அறையே கிடைத்தது. போபாலுக்குப் பிறகு 1987-இல் திருத்தம் வந்தபோது, அபாயகரமான வேலைகளில் ஆளைச் சேர்க்கும் முன்பும், சேர்த்த பிறகு 12 மாதத்துக்கு ஒருமுறைக்குக் குறையாமலும் உடல் பரிசோதனை என்று 41-சி பிரிவில் சேர்த்தார்கள்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். அபாயகரமான தொழில் நடக்கிற ஃபேக்டரியின் டாக்டருக்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டும், அதற்குத்தான் ஏ.எஃப்.ஐ.ஹெச். என்ற படிப்பு. மும்பையில் மத்திய தொழிலாளர் நிறுவனம், சென்னையில் தரமணிப் பக்கம் அதன் மண்டல நிறுவனம், இப்படிச் சில இடங்களில் நடக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும். நர்ஸுக்கு? 'தகுதி பெற்ற நர்ஸ்' என்று எழுதியதோடு நிறுத்திவிட்டார்கள். தகுதி என்றால் நர்சிங் கவுன்சில் பதிவு. வாரம் மூன்று நாள் வருகிறவருக்கு மூன்று மாதப் பயிற்சி, ஆறு நாளும் அங்கேயே இருக்கிறவருக்கு ஒன்றுமில்லை. இதை நான் வேலையில் இருந்தபோதே பல கூட்டங்களில் எழுந்து நின்று கேட்டிருக்கிறேன்.

தரமணி மண்டல நிறுவனத்தில் குறுகிய காலப் பயிற்சிகளும் அவ்வப்போது நடக்கும், யார் யாரைச் சேர்க்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். இன்னொன்று, ஆமதாபாத்தில் இருக்கிற தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் தென்மண்டல மையம் பெங்களூரில், தேவனஹள்ளிப் பக்கம் இருக்கிறது. உங்களுக்கு ஓசூரிலிருந்து பெங்களூர் தாண்டினால் போதும். 1,80,000 கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், தபால் செலவுதான்.

காவேரிப்பட்டணம் செவிலி:

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. பணம் கட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், நேற்றே அவர்களுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். இங்கிலாந்து மட்டும்தான் இப்படியா, மற்ற நாடுகளிலும் நர்ஸுக்குத் தனிப் படிப்பு வைத்திருக்கிறார்களா? நான் வெளிநாடு போகிறேனோ இல்லையோ, அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று தெரிந்தால் அதையாவது நான் தேடிப் படிப்பேன்.

தருமபுரி கம்யூனிட்டி டீச்சர்:

நான் நர்சிங் கல்லூரியில் சமூகநல நர்சிங் எடுக்கிறேன். உங்கள் கேள்வி எங்கள் பாடத்திட்டத்தைத் தொடுகிறது என்பதால் எழுதுகிறேன். பி.எஸ்சி.யில் தொழில்சார் நலம் என்பது சமூகநலப் பாடத்துக்குள் ஒரு சின்ன அலகு. எம்.எஸ்சி.யில் இருக்கிற ஐந்து பிரிவுகளில் இதற்குத் தனிப் பிரிவு இல்லை. மாணவிகளை ஒருநாள் ஃபேக்டரிக்குக் கூட்டிப்போவோம், காண்பிப்பார்கள், டீ கொடுப்பார்கள், வந்து ரிப்போர்ட் எழுதுவார்கள். அவ்வளவுதான் நாங்கள் கொடுத்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற நாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது பின்லாந்து. அங்கே 1978-லேயே வேலையிட சுகாதாரத்துக்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள், 2001-இல் புதுப்பித்தார்கள். ஒரே ஒரு ஆள் வேலைக்கு வைத்திருந்தாலும் முதலாளி அவருக்கு நோய்த்தடுப்புச் சேவை ஏற்பாடு செய்தாக வேண்டும். இந்த வேலைக்கு வருகிற நர்ஸ் முதலில் பொதுசுகாதாரச் செவிலியாக இருக்க வேண்டும், அது நான்கு வருடப் படிப்பு. பிறகு இந்த வேலையில் சேர்ந்த இரண்டு வருடத்துக்குள் தொழில்சார் நலத்தில் 15 கிரெடிட் படித்து முடிக்க வேண்டும். டாக்டருக்கு எழுதின மாதிரியே நர்ஸுக்கும் எழுதியிருக்கிறார்கள். மேலே ஐயா சொன்னாரே, அந்த ஓட்டை அங்கே இல்லை.

தென்கொரியாவில் இதை முதுகலை மட்டத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே 13 துறைகளில் சிறப்புச் செவிலியர் உரிமம் உண்டு, அதில் ஒன்று தொழிற்சாலைச் செவிலியர். மூன்று வருட அனுபவம், பிறகு முதுகலை, பிறகு தேசியத் தேர்வு. ஜப்பானில் நர்ஸ் உரிமத்துக்கு மேல் பொதுசுகாதாரச் செவிலி என்று தனி உரிமம் இருக்கிறது, கம்பெனிகளில் இருப்பவர்களில் நிறையப் பேர் அவர்கள்தான். 2015 டிசம்பரிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடங்களில் வருடம் ஒருமுறை மன அழுத்தப் பரிசோதனை கட்டாயம் என்று வந்ததும் அவர்கள் வேலை இன்னும் கூடியது.

அமெரிக்காவில் அரசாங்கம் உரிமம் தருவதில்லை, தொழில் வாரியம் சான்றிதழ் தருகிறது. 1972-இல் தொடங்கிய வாரியம். சி.ஓ.ஹெச்.என்., சி.ஓ.ஹெச்.என்.-எஸ். என்று இரண்டு. இரண்டாவதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். கடைசி ஐந்து வருடத்தில் 3,000 மணி நேரம் இந்த வேலை பார்த்திருக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முதலில் வேலை, அப்புறம் சான்றிதழ் என்கிற இந்த முறை நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வகையில் நியாயமாகத் தெரிகிறது. இதுவும் அந்த ஊர் நர்ஸ் உரிமத்துக்கு மேல்தான் என்பதை மறக்க வேண்டாம். அதற்கான என்க்ளெக்ஸ் தேர்வை பெங்களூரிலேயே எழுதலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவில் முதல் தொழிற்சாலை நர்ஸ்களில் ஒருவர் என்று சொல்லப்படும் ஏடா மேயோ ஸ்டூவர்ட்டை 1895-இல் வேலைக்கு வைத்தது வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பளிங்குக்கல் கம்பெனி. அந்தப் பெண் சைக்கிளில் போய் கல் அறுக்கிறவர்களின் வீடுகளில் நோயாளிகளைப் பார்த்தார். பர்கூர்ப் பக்கம் கிரானைட் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த சைக்கிள்தான் ஞாபகம் வரும்.

கல்லுக்காரர் மகன்:

நான் மருத்துவத்துறையே இல்லை. கிரானைட் என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன்.

என் அப்பா இருபத்திரண்டு வருடம் கல் அறுக்கிற, பாலிஷ் போடுகிற யூனிட்டில் இருந்தார். 46 வயதில் மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு மருத்துவமனையில் டி.பி. என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். சளியில் கிருமி தெரியவில்லை, எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று கொடுத்தது. சரியாகவில்லை. வேறொரு இடத்தில் மறுபடியும் டி.பி. மருந்து. மூன்றாவது இடத்தில், ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு 'என்னங்க வேலை பார்த்தீங்க, கை இப்படிக் காய்ச்சிருக்கு?' என்று கேட்டார். அப்பா சொன்னார். அவர் போய் டாக்டரிடம் சொன்னார். அன்றைக்குத்தான் சிலிகோசிஸ், கல்தூசியால் வருகிற நுரையீரல் நோய், என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் முதல்முறை கேட்டோம். அதற்குள் மூன்று வருடம் போய்விட்டது. அந்த மூன்று வருடத்தில் நடுவில் கொஞ்சம் தெம்பு வந்தபோதெல்லாம் அப்பா அதே தூசிக்குத்தான் திரும்பப் போனார்.

அந்த சிஸ்டர் தொழில்சார் நலம் படித்தவரா என்று தெரியாது. படித்த நர்ஸ் ஒருவர் அந்த யூனிட்டிலேயே இருந்து, வருடாவருடம் ஊதச் சொல்லிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து வைத்திருந்தால், அப்பா முப்பத்தைந்து வயதிலேயே வேறு வேலைக்கு மாறியிருப்பார். இப்போது அவர் இல்லை. நீங்கள் அந்த நோட்டை விட்டுவிடாதீர்கள் சிஸ்டர்.

ரிட்டயர்டு சேஃப்டி ஆபீசர்:

தம்பி, படித்துவிட்டு நீண்ட நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1948 சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸ் இருந்தது, 2020 தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது, அதாவது கண்டுபிடித்தால் டாக்டர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். 1923 இழப்பீட்டுச் சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது, இழப்பீடு கேட்கலாம். அறுத்து பாலிஷ் போடுகிற யூனிட் ஃபேக்டரி சட்டத்தில் வந்தது, வெட்டி எடுக்கிற குவாரி 1952 சுரங்கச் சட்டத்தில் வந்தது, அதனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமலே நிறையக் குடும்பங்கள் விட்டுவிட்டன. சின்ன யூனிட் என்றால் 500 பேர் கணக்கு வராது, நர்ஸும் இருக்கமாட்டார். ஆபத்து அதிகமாக இருக்கிற இடத்தில்தான் ஆள் இல்லை.

பாலக்கோடு டூ லீட்ஸ்:

தங்கச்சி, ஆடியோமெட்ரி பற்றிக் கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ சந்தேகப்பட்டது சரி. பெரிய சத்தத்தில் நின்ற காது சில மணி நேரத்துக்குத் தற்காலிகமாக மந்தமாகிவிடும். அப்போது எடுத்தால் நிரந்தரப் பாதிப்பு எது, களைப்பு எது என்று பிரிக்க முடியாது. அமெரிக்க விதியில் முதல் அடிப்படைப் பரிசோதனைக்கு முன் 14 மணி நேரம் வேலையிடத்துச் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. ஷிஃப்ட் தொடங்கும் முன்னால் எடுக்கச் சொல், வார லீவு முடிந்து வரும் காலையில் என்றால் இன்னும் நல்லது. வேனை கேன்டீன் பக்கம், கம்ப்ரஸர் சத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தச் சொல்.

வந்த தாளில் 4,000 ஹெர்ட்ஸில் மட்டும் குழி விழுந்து 8,000-இல் மறுபடி ஏறுகிறதா பார். அது சத்தத்தால் வந்த பாதிப்பின் அடையாளம். வயதால் வருவது வேறு மாதிரி, மேலே போகப்போக இறங்கிக்கொண்டே போகும். போன வருடத்துத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஒரு தாளை மட்டும் பார்த்து எதுவும் சொல்லாதே. இந்திய விதியில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரம்பு, அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ்.ஹெச். பரிந்துரைப்பது 85. அந்த லைனில் எவ்வளவு என்று சேஃப்டி ஆபீசரிடம் அளவு கேட்டு உன் நோட்டில் எழுது.

இயர் பிளக் போடுகிறார்களா என்று கேட்பதோடு நிறுத்தாதே, எப்படிப் போடுகிறார்கள் என்று பார். ஸ்பாஞ்ச் பிளக்கை நன்றாக உருட்டி, காது மடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரை விரலால் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் சும்மா காதில் ஒட்டி வைத்திருப்பார்கள். என் ஒரு வருடப் படிப்பில் பாதி இதுதான், ஓ.ஹெச்.சி. அறையைவிட்டு எழுந்து லைனுக்குப் போய் நிற்பது.

தருமபுரி கம்யூனிட்டி டீச்சர்:

சிஸ்டர், ஒரு வேண்டுகோள். எங்கள் மூன்றாம் வருட மாணவிகளிடம் ஒருநாள் வந்து பேச முடியுமா? அந்த நோட்டோடு வாருங்கள், ஆட்களின் பெயர் மட்டும் தெரியாமல். பாடத்திட்டத்தை நான் மாற்ற முடியாது, ஆனால் நான்கு மணி நேர வகுப்பில் என்ன சொல்வது என்பது என் கையில்தான் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், பிறகு தொழிலாளர்களைத் தேடி வேலையிடத்துக்கும் போக ஆரம்பித்தார்கள். அங்கே பிரஷர், சுகர் பார்க்கிறார்கள், நல்லது. பார்க்கிறவர் எங்கள் மாணவியாக இருந்தால் கூடவே என்ன வேலை, எத்தனை வருடம் என்று ஒரு வரி கேட்கட்டும்.

காவேரிப்பட்டணம் செவிலி:

கண்டிப்பாக வருகிறேன் மேடம், ஷிஃப்ட் பார்த்துத் தேதி சொல்கிறேன்.

தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நோட்டை விடமாட்டேன்.

அக்கா சொன்னபடி இன்று காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு முன்னாலேயே போய் பிரஸ் ஷாப் வாசலில் நின்றேன். பதினோரு பேர் பிளக் போடுவதைப் பார்த்தேன், சரியாகப் போட்டவர் இரண்டு பேர். மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டினேன். ஒரு அண்ணன், பதினான்கு வருட சர்வீஸ், போட்டுவிட்டு மெஷினைப் பார்த்துத் திரும்பி, 'சிஸ்டர், இது இவ்வளவு அடங்குமா?' என்று கேட்டார். சத்த அளவைக் கேட்டு சேஃப்டி ஆபீசருக்கு மெயில் போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் வேன் வரும் நேரத்தை ஷிஃப்ட் தொடங்கும் முன்னால் என்று மாற்றித்தரச் சொல்லி டாக்டர் கையெழுத்தோடு ஹெச்.ஆரிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.